மூன்றாவது முடிச்சு

தொலோகோனின் வீட்டுக்கு நான் போனது நண்பகலில். பனி பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்தில் அவனுடைய நிலக்கரி லாரி நான்கு வாரமாக அசையாமல் கிடந்தது. சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன.

கதவைத் திறந்தவள் அவனுடைய இரண்டாவது மனைவி பெகிமாய்.

“வாங்கக்கா. ராசா எந்திரிச்சு வந்து கும்பிடுவாருன்னு பாக்காதீங்க. மூத்திரச் சட்டியே கட்டிலுக்குத்தான் போகுது.”

“வலி எப்படி?”

“எனக்கா, அவருக்கா?”

உள்ளேயிருந்து அவன் கத்தினான். “டீயைப் போடுடி. வாயை அப்புறம் ஆட்டு.”

இந்த ஊர் மருத்துவ நிலையத்தில் நான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை எல்லாம் நான்தான். கால் எரிகிறது என்று வருவார்கள். எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்பார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இவனுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. இரத்தத்தில் சர்க்கரை கூடவில்லை. நரின் நகரத்தில் முதுகைப் படம் எடுத்தார்கள். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தவில்லை. பாதத்தில் இரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. பி பன்னிரண்டு ஊசி பத்து போட்டேன். வோட்காவை நிறுத்தச் சொன்னேன். பெகிமாய் புட்டிகளை ஒளித்தே நிறுத்தினாள். வலி நிற்கவில்லை. விரல்நுனியில் தொடங்கிக் கணுக்கால்வரை வந்தது. அதற்குமேல் ஏறவில்லை. இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், வளையம் மாட்டியதுபோல் நின்றது.

“இன்னும் மூணு வாரத்துல கணவாய் திறந்துடும்க்கா,” என்றான். “பிரேக்கை மிதிச்சா மிதிச்சது தெரியணும். இல்லேன்னா பள்ளத்துலதான் என்னைத் தேடணும்.”

அறையில் அடுப்புப் புகையும் ஆட்டுக்கொழுப்பும் மணத்தன. கூடவே ஈரமண். அந்த மாதத்தில் எங்கள் ஊர் மண் இரும்பாக உறைந்திருக்கும்.

“கண்ணை மூடு. குத்தினா சொல்லு.”

ஊசியால் கட்டைவிரலில் குத்தினேன். பேசவில்லை. குதிகாலில் குத்தினேன். பேசவில்லை. ஊசியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“இப்ப,” என்றான்.

“எங்க?”

“ரெண்டு கணுக்காலும். சேர்த்து.”

என் கைகள் என் மடியில் இருந்தன.

“இறுக்காதீங்கக்கா.”

அவன் கணுக்கால்களைச் சுற்றித் தோல் உள்வாங்கியது. மெல்லிய பள்ளம். யாரோ கயிற்றை இழுப்பதுபோல் அது ஆழமானது. அகன்று கிடந்த குதிகால்கள் விரிப்பில் உரசியபடி ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன.

ஒட்டிக்கொண்டன.

நான் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். “அவளுக்குக் கேக்கக் கூடாது,” என்று சமையலறைப் பக்கம் பார்த்தான். “கனிமேத்தைக் குழியில இறக்கினது நான்தான்.”

கனிமேத் அவன் முதல் மனைவி. சாலையில் நடந்துகொண்டிருந்தவளைக் காரில் தூக்கிப்போட்டு வந்து கட்டிக்கொண்டான். மூன்று தடவை ஓடினாள். கணவாய்க்கு அப்பால் அவள் தாய்வீடு. முதல் தடவை அவன் உறவுக்காரர்கள் இழுத்துவந்தார்கள். இரண்டாம் தடவை முல்லா புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை பனியில் வழி தவறி, கறுத்த பாதங்களோடு என்னிடம் வந்தாள். வலது சுண்டுவிரலை வெட்டியெடுத்துக் கட்டுப்போட்டேன். வீட்டுக்குச் சொல்லாதீங்க என்றாள்.

நான்தான் அவனுக்குப் போன் செய்தேன்.

அவன் வந்து கூட்டிப்போன பதினோராம் நாள் இறந்தாள். அது சென்ற இலையுதிர் காலத்துக்கு முந்தைய இலையுதிர் காலம்.

எங்கள் வழக்கப்படி பிரேதத்தின் துணியை மூன்று இடத்தில் கட்டுவோம். தலை, இடுப்பு, கால். குழிக்குள் வைத்ததும் மூன்றையும் அவிழ்க்க வேண்டும். பெண்கள் அங்கே போவதில்லை. அவிழ்த்திருப்பார்கள் என்று நம்புவோம்.

“தலையை அவுத்தேன். இடுப்பை அவுத்தேன்.”

“காலை?”

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“மூணு தடவை ஓடினவக்கா. அங்கயாவது கிடக்கட்டும்னு விட்டேன். மேல இன்னொரு முடிச்சும் போட்டேன். குதிரைக்குப் போடுற தளை.”

“அடப்பாவி.”

“நீங்க மட்டும்?” என்றான். “போன் பண்ணது யாரு?”

பெகிமாய் டீயோடு வந்தாள். நான் குடிக்காமல் எழுந்து வெளியே வந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே, பனியில், தடம்.

வெறும் பாதங்கள். இரண்டும் ஒட்டி, அருகருகே. ஒரு முழம் இடைவெளி. மறுபடி இரண்டும் ஒட்டி. தளையிட்ட குதிரை அப்படித்தான் தத்திப் போகும். இடுகாட்டுக் குன்றிலிருந்து ஜன்னலுக்கு வந்திருந்தது. ஜன்னலிலிருந்து தெருவுக்குப் போனது.

குனிந்து பார்த்தேன். வலது பாதத்தில் நான்கு விரல்கள்.

தடம் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. என் மருத்துவ நிலையத்தின் படியில் ஏறியது.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தேன். கட்டுப்போடும் முக்காலியின் முன்னால் தரை நனைந்திருந்தது. இரண்டு ஈரத்தடம், குதிகால் ஒட்டி. முக்காலியில் யாரும் இல்லை. ஆனால் ஈரமண் மணத்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். தடத்துக்கு மேலே, கணுக்கால் உயரத்தில், வெறுங்காற்றில் வைத்தேன்.

கத்தரிக்கோல் எதிலோ மாட்டியது.

குளிர் என் தோள்வரை ஏறியது. அழுத்தினேன். முரட்டுத்துணி அறுபடும் சத்தம். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

“போம்மா,” என்றேன். “உங்க வீட்டுக்குப் போ. இந்தத் தடவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

காதருகில் மூச்சு. பதில் ஒரு சொல்தான்.

“இப்பவா?”

கதவு தானாகத் திறந்து, அப்படியே நின்றது.

இருட்டிய பிறகும் விடியும்வரை நான் அங்கிருந்து அசையவில்லை. விடிந்ததும் பெகிமாய் தலைத்துணிகூட இல்லாமல் ஓடிவந்தாள்.

“அக்கா, அவரைக் காணோம். ஒரு மாசமா நடக்காத ஆளு. பூட்ஸ் கட்டிலடியில இருக்கு.”

“சத்தம் கேட்டுச்சா?”

“சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பொம்பளைக் குரல். கனவுன்னு திரும்பிப் படுத்துட்டேன்.”

என் படியிலிருந்து அவன் வீட்டுக்கு ஒரு தடம் போயிருந்தது. ஒரு காலின் முன் ஒரு கால், நீண்ட எட்டு. ஓடியவளின் தடம். கணவாய்ப் பக்கம் அது திரும்பவே இல்லை.

அவன் வாசலிலிருந்து குன்றுக்கு இரண்டு தடங்கள். அவளுடையது நடந்த தடம். பக்கத்தில் ஓர் ஆணின் வெறும்பாதங்கள். இரண்டும் ஒட்டி, தத்தித் தத்தி. அங்கங்கே முட்டி பதிந்த குழி. அங்கங்கே முகம்.

பெகிமாயைக் கீழேயே நிற்கச் சொன்னேன். இடுகாட்டுக்குள் தனியாக ஏறினேன்.

அவன் தடம் கனிமேத்தின் குழிமேட்டில் முடிந்தது. மேட்டின்மேல் பனி ஒரு விரற்கடைகூடக் கலையவில்லை. யாரும் தோண்டவில்லை. காது வைத்தேன். கீழே ஏதோ ஒன்றையொன்று உரசியது. பிறகு அதுவும் நின்றது.

நிமிர்ந்தேன். அவளுடைய தடம் மட்டும் மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கியிருந்தது. அவசரமில்லாத எட்டுகள்.

அது போய்ச் சேர்ந்த முல்லா வீட்டுப் புகைபோக்கியில் அன்று புகை இல்லை.

அங்கிருந்தும் தடம் வெளியே வந்து, என் படியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.