கத்தரி நாற்றின் ஓய்வு நேரம்

இசக்கியப்பன் லாரியில் ஏறியதும் முதலில் கத்தரி நாற்றுக்கு இருக்கைப் பட்டையை மாட்டினார். பிறகுதான் தனக்கு மாட்டிக்கொண்டார். தொட்டியில் பதித்திருந்த நாற்றுமானி ஒருமுறை பச்சையாக மின்னியது. வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம். பின்னால் இருபது டன் இரும்புக் குழாய் ஏற்றியிருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் இதற்குப் பெயர் வேளாண் வாகனம்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். புதுக்கயத்தாறு குடியேற்றத்திலிருந்து வடமுனைப் பனிச்சுரங்கத்துக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், ஒரே சாலை. ஆரம்பத்தில் ஓட்டுநர்களின் காதுக்குப் பின்னால் கடுகளவில் ஒரு விழிப்புமானியைப் பதித்திருந்தார்கள். ஒன்பது மணி நேரம் ஓட்டியாயிற்று என்றால் அதுவே வண்டியை நிறுத்திவிடும். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் சக்கரம் மறுபடி சுழலும். இயந்திர ஓட்டுநர்களும் இருந்தன. ஆனால் ஆறு மணி நேரம் ஓடினால் ஆறு மணி நேரம் ஆற வேண்டும் என்று அவற்றின் உத்தரவாத அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அதை மீறுகிற துணிச்சல் எந்த முதலாளிக்கும் இல்லை.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு தக்காளி வண்டி, ஊருக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது ஒன்பதாவது மணியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் சட்டப்படி தூங்கினார். தக்காளி சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உறைந்து கல்லாயிற்று. அப்போது ஓட்டுநர் சங்கத்தில் இளரத்தமாக இருந்த இசக்கியப்பன் ஒரு கூடை நிறைய அந்தத் தக்காளியைக் கொண்டுபோய்ச் சட்டம் போடும் குடியேற்ற மன்றத்து மேசையில் கொட்டினார். எங்களுக்கு ஓட்டவும் தெரியும், எப்போது தூங்க வேண்டும் என்றும் தெரியும் என்று பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. உயிருள்ள பயிரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நேர வரம்பு கிடையாது, பதிவும் கிடையாது என்று விலக்கு வந்தது. விழிப்புமானியை முதலில் எடுத்துப் போட்டவரும் அவர்தான். மாலை போட்டார்கள். மாலை கட்டப் பூ கிடைக்காத கிரகம் என்பதால் பிளாஸ்டிக் மாலை.

ஒரே மாதத்தில் முதலாளிகள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எத்தனை பயிர் என்று சட்டத்தில் இல்லை. ஒரு நாற்று போதும். இதை நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? எந்தக் காலத்திலோ சித்தப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் அல்லவா. சிமெண்டு, குழாய், கழிவுநீர் என்று எது போனாலும் முன் இருக்கையில் ஒரு கத்தரி நாற்று உட்கார்ந்துகொண்டது. வண்டியின் முதுகில் ‘விவசாயத்தை வணங்குவோம்’ என்று எழுதியும் வைத்தார்கள்.

இப்போது இசக்கியப்பனுக்கு ஐம்பத்துநான்கு வயது. முப்பது மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தால், மூன்றாவது மணி நேரத்தில் முதலாளி தனபாண்டியன் வந்து கதவை இடிப்பார். அடுத்த லோடு காத்திருக்கும். முடியாது என்று சொல்ல வழியில்லை. வீட்டுக்கு மூச்சுக்காற்று கொண்டுவரும் குழாய் தனபாண்டியனின் பெயரில் இருந்தது.

போன மாதம் அறுநூறாவது கிலோமீட்டர்ச் சரிவில் அவர் கண் அசந்துவிட்டது. விழித்தபோது சுரங்கத் தொழிலாளர்களின் பேருந்து ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோயிற்று. ஜன்னலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். வீட்டுக்கு வந்து மனைவி செல்வக்கனியிடம் அதைச் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. பழையபடி காதுக்குப் பின்னால் அந்த விழிப்புமானியை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் சொன்னால் நிற்காத வண்டி அது சொன்னால் நிற்கும் அல்லவா என்றாள்.

அவர் சாலை விதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே மெர்சி புஷ்பம் என்ற அதிகாரி இருந்தாள். நல்ல பெண். உட்காரவைத்து முழுவதையும் கேட்டாள். அலமாரியிலும் திரையிலும் ஒரு மணி நேரம் தேடினாள்.

“அண்ணாச்சி, விலக்கு வேணும்னு வாரவியளுக்குப் பதினோரு படிவம் இருக்கு. வேண்டாம்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. அதுக்குப் படிவமே கெடையாது.”

“ஒரு வெள்ளத்தாள்ல எழுதித் தாரேன் தாயி.”

“விலக்கு ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி, நாத்துக்கு. நீங்க எப்படி வேண்டாம்னு எழுதுவிய?” விலக்கு கேட்டுச் சங்கம் கொடுத்த பழைய மனுவை அவள் திரையில் காட்டினாள். “முத கையெழுத்து ஒங்களுதுதான்.”

அவர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தாக, அடியில் இரண்டு கோடு இழுத்துப் போட்டிருந்தார். அந்த வயதில் அப்படித்தான் போடத் தோன்றும்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. தூக்கம் வராதிருக்க வண்டிக்குள் எல்லா விளக்கையும் முகத்துக்கு நேராக எரியவிட்டு ஓட்டினார். வியாழக்கிழமை, பட்டப்பகலில், வளைவே இல்லாத சாலையில் லாரி விலகி நேராகப் பள்ளத்தில் இறங்கியது. குழாய்கள் முன்பக்கம் சரிந்துவிட்டன. இசக்கியப்பன் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பட்டை மாட்டியிருந்ததால் கத்தரி நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு இலை மட்டும் மஞ்சளடித்திருந்தது.

விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. அறிக்கையை மெர்சி புஷ்பம்தான் செல்வக்கனிக்கு வாசித்துக் காட்டினாள். ஓட்டுநரின் ஓய்வு பற்றிப் பதிவு எதுவும் இல்லை. எனவே குறை எதுவும் காணப்படவில்லை. இது ஒரு வரி. மீதி நான்கு பக்கமும் நாற்றைப் பற்றி. செவ்வாயில் ஒவ்வோர் இலையும் ஊருக்கு மூச்சு; அதனால் ஒவ்வொரு செடிக்கும் நாளுக்கு எட்டு மணி நேரம் இருட்டு கொடுத்தே தீர வேண்டும் என்பது தாவர நலச் சட்டம். நாற்றுமானி அதைத்தான் பதிவுசெய்தது. இந்த நாற்று முப்பத்துமூன்று மணி நேரம் இடைவிடாமல் வெளிச்சத்தில் இருந்திருக்கிறது. கடுமையான சோர்வு. கடைசியாகப் பொறுப்பில் வைத்திருந்தவரின் வீட்டில், இருட்டறையில், சத்தமும் அதிர்வும் இல்லாமல் இருபத்தொரு நாள் அது ஓய்வெடுக்க வேண்டும்.

“முப்பத்திமூணு மணி நேரம் செடி முழிச்சிருந்துதுன்னு எழுதியிருக்கிய,” என்றாள் செல்வக்கனி. “வண்டிய அது ஓட்டலயே. பக்கத்துல ஒருத்தரு முழிச்சிருந்தாருல்லா?”

மெர்சி புஷ்பம் காகிதத்தை மறுபடி ஒருமுறை புரட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“இருந்திருப்பாரு மதினி. பதிவு இல்லயே.”

செல்வக்கனி தொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் அவர் கடைசிவரை பக்கத்தில் வைத்திருந்த செடி அது. அலுவலக ஆள் ஒருவன் கூடவே வந்து கதவில் சிவப்பு அறிவிப்பை ஒட்டினான். உள்ளே ஓய்வு நடக்கிறது, கதவைத் தட்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் இருந்தது. இதை எங்கே விற்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் போன வருடமே வாங்கி ஒட்டியிருப்பேனே என்று அவள் நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

மறுநாள் காலையில் தனபாண்டியன் வந்தார். செல்வக்கனியிடம் பழைய ஓட்டுநர் உரிமம் இருந்தது அவருக்குத் தெரியும். அவர் கை இடுக்கில் ஒரு புது நாற்று இருந்தது. வழக்கம்போலக் கதவை இடிக்கக் கையை ஓங்கியவர், சிவப்பு அறிவிப்பைக் கண்டு அப்படியே நின்றார். இரண்டுமுறை வாசித்தார். ஓங்கிய கையைச் சத்தமில்லாமல் இறக்கினார். குனிந்து காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நடைவழி முடியும்வரை நுனிக்காலில் நடந்துபோனார்.

கதவுத் துளை வழியாகச் செல்வக்கனி அதைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் அவர் கை இடித்த இடத்தில் கதவின் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. உள்ளே இருட்டில், இசக்கியப்பனின் கட்டிலில், கத்தரி நாற்று தூங்கிக்கொண்டிருந்தது.