கேசரியின் கழுத்துப்பட்டை

அடுகோடியிலுள்ள வீட்டுக் கூடத்தில் அன்று ஐந்து பேர். ஜன்னலோர நாற்காலியில் கால்நடை மருத்துவர் அப்பாதுரை. ஃபிரிட்ஜை ஒட்டிய முக்காலியில், நோட்டும் பேனாவுமாக அவர் உதவியாளர் நோயல். கட்டிலில் மாமனார் கோவிந்தப்பா. சோபாவின் நுனியில் மூத்த மருமகள் ஷோபா. தரையில் இளையவள் விஜி. அவள் மடியில் கேசரி என்ற செம்பட்டைப் பூனை.

அந்த மடியைத்தான் ஷோபாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கேசரியைச் சாக்கடையிலிருந்து எடுத்துப் பால் ஊட்டியவள் அவள். போன வருடம் கல்யாணமாகி வந்தவளிடம் போய் ஒட்டிக்கொண்டது அது.

“மூணு மாசமா இதுக்கு ஊசி போடறேன் டாக்டரே, சர்க்கரை எறங்கல. இவதான் மருந்துல தண்ணி கலக்கறா. இன்னிக்கு உறுதியாச்சுன்னா, சந்தாபுராவுக்கு அம்மா வீட்டுக்கே பெட்டி கட்டட்டும்” என்றாள் ஷோபா.

“நான் அந்த பாட்டிலத் தொட்டதே இல்லக்கா” என்று விஜி அழுதாள்.

“அழுகையே சாட்சி சார்” என்று நோயல் கிசுகிசுத்தான்.

அப்பாதுரை ஃபிரிட்ஜைத் திறந்தார். “இது யார் இன்சுலின்?”

“எனக்கும் அதே பாட்டில்தான்” என்றார் கோவிந்தப்பா. “ஊசி மட்டும் வேற வேற. நேத்துகூட எனக்குச் சர்க்கரை நூத்திப்பத்துதான்.”

“தண்ணி கலந்திருந்தா உங்களுக்கும் ஏறியிருக்குமே.”

“அப்ப திருட்டுத்தனமா தீனி போடறா! எப்படி ஊதிப்போச்சு பாருங்க!”

“ரெண்டு நாள் என் கிளினிக்ல பூட்டி வெச்சிருந்தேன். அங்கயும் நானூறு. அங்க தீனி போட்டது யாரு, நோயலா?”

நோயல் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தான்.

அப்பாதுரை கேசரியின் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். “இந்தக் கடைசி ஓட்டை புதுசா இருக்கே?”

“நான்தான் ஆணியால போட்டேன். பட்டை பத்தல” என்றாள் ஷோபா.

“சர்க்கரை அடங்காத பூனை இளைக்கணும்மா. இது வளருது. தாடையும் பாதமும் அகலமாயிருக்கு. மூளைக்கு அடியில இருக்கற சுரப்பியில கட்டி, அது வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டுதுன்னு என் சந்தேகம். அதுதான் இன்சுலினை வேலை செய்ய விடல. திருடன் பூனைக்குள்ளயே இருக்கான்.”

ஷோபாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தது.

“பொழைக்குமா சார்?” என்றாள் விஜி.

“கட்டிய இங்க எடுக்க முடியாது. சர்க்கரையப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டணும். தெனம் ரெண்டு ஊசி. இந்த உருவத்துக்கு ஒரு ஆள் பத்தாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் குத்தணும்.”

கேசரி கொட்டாவி விட்டது.

“விஜி இங்கயே இருக்கட்டும்” என்றாள் ஷோபா, சுவரைப் பார்த்து. “அவதான் பிடிக்கணும். குத்தறது நான்.”

“சரிக்கா.”

சந்தேகத்தை உறுதிப்படுத்தக் கேசரியிடம் எடுத்த ரத்தக் குப்பியோடு ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தை அப்பாதுரை நீட்டினார். வளர்ப்பவர் பெயர் என்ற இடத்தில் ஷோபா தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘விஜி’ என்று சேர்த்தாள். மற்றவர் பார்ப்பதற்குள் உறையை ஒட்டி நோயலிடம் கொடுத்து, “கூரியர் கடை மூடறதுக்குள்ள ஓடுப்பா” என்றாள்.