சுத்த ரத்தம்

பூனையே இல்லாத வீட்டில் ஷர்மினியின் கழுத்தில் மறுபடியும் நகக்கீறல். நேற்றையது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதற்குக் கீழே புதிதாக, ஈரமாக, இன்னொன்று. தினேஸ்வரி மகளின் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி, விடாத காய்ச்சல். புருஷன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்.

“யாரும்மா பிராண்டுனது?”

“பூனை. நான் தூங்குறப்போ வருது.”

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர்த் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய தாமான் அது. பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த, இடிந்த லயங்கள். அவற்றில் நிறையப் பூனைகள். அந்தப் பூனைகளின் ரத்தத்தை ஆராய்வதுதான் தினேஸ்வரியின் வேலை. பூனைக்கீறல் காய்ச்சலைத் தரும் கிருமி ஒன்றுதான், ஆனால் லயத்துக்கு லயம் அதன் மரபணு மாறும். மகளின் கட்டியில் இருப்பது எந்தப் பூனையின் வகை என்று தெரிந்தால் போதும், அந்தச் சனியனைப் பிடித்து ஒழித்துவிடலாம். கட்டியின் சீழை ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் சரளாவிடம் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமியில்லாத ரத்தம் வேண்டுமே. அங்கே எல்லோரும் செய்வதுபோலத் தன் விரலைக் குத்தி, ‘சுத்த ரத்தம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளை ஒரு பூனையும் கீறியதில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சன்னல்களை அடைத்து, பிள்ளையை அறைக்குள் அனுப்பினாள்.

“உள்ள தாப்பா போட்டுக்கோ. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத.”

தாழ்ப்பாள் விழுந்தது. கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். கூரைத் தகரத்தில் மழையின் இரைச்சல், சாக்கடை நாற்றம், அதற்கும் அடியில் எங்கிருந்தோ நனைந்த மயிரின் வீச்சம், எல்லாம் சேர்ந்து கண்ணைச் செருகியது. சரளாவின் அழைப்பில் கைப்பேசி அலறியபோது கூடம் இருட்டியிருந்தது.

“அக்கா, கட்டியில இருந்த கிருமி எந்தப் பூனையோடயும் சேரலலா.”

“நல்லா பாத்தியா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். ஆனா சுத்த ரத்தம்னு ஒண்ணு குடுத்தீங்கல்ல? அதுல அதே வகை இருக்கு. அது யாரோடது அக்கா?”

அறைக்குள் விசும்பல்.

“அம்மா... பூனை வந்துருச்சு.”

“எங்கடா?”

“கதவுக்கு அந்தப் பக்கம். பிராண்டுது.”

அவளுக்கும் கேட்டது. பலகையில். மெதுவாக. கூடத்தில் யாருமில்லை. சத்தம் பக்கத்தில். வெகு பக்கத்தில்.

குனிந்து பார்த்தாள்.

இடக்கையில் கைப்பேசி. வலக்கை கதவில். ஐயோ, அவள் கைதான். விரல்கள் வளைந்து பலகையை உரித்துக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் மரச் சிலாம்பு. ரத்தம். வலியே இல்லை. இழுத்தாள். வரவில்லை.

“அம்மா, போயிருச்சா? தொறக்கட்டுமா?”

வேண்டாம். வேண்டாம். கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

“போயிருச்சுடா கண்ணு. தொற” என்றது அவள் குரல், கொஞ்சலாக.

தாழ்ப்பாள் நகர்ந்தது.