ஆணியடியில் ஈரம்

ஒரு வருஷமாகப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சொல்லித்தான் மலையம்மாள் அந்தச் சவரக்கத்தியைக் கொடுத்தாள். ஆனால் கையில் வாங்கியதுமே சோணையின் விரலில் ஈரம் பட்டது.

செக்காலைக் கடைத்தெருவில் சவரம் செய்து பிழைக்கும் அவனுடைய கத்தி தேய்ந்து நூலாகிவிட்டிருந்தது. போன வருஷம் ரங்கூனில் இறந்துபோன முத்தப்பன் செட்டியாரின் பெட்டியோடு ஊருக்கு வந்த சீமைக் கத்தி விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு மானகிரிக்கு வந்திருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மலையம்மாளைத் தவிர அங்கே யாரும் இல்லை. மழைக்கு முந்திய மத்தியானம். பூட்டிக் கிடந்த அறைகளின் வௌவால் வாடையோடு எங்கிருந்தோ புதுச் சோப்பின் வாசனையும் கலந்து வர, வளவு முற்றத்தின் நடுவே விழுந்த மங்கலான வெளிச்சத்தில் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

துரு இல்லை. கோணல் இல்லை. நகத்தால் சுண்டினான். விரிசல் விட்ட கத்தி என்றால் செத்த சத்தம்தான் வரும், இது கணீரென்றது. அந்த ஓசை அடங்குவதற்குள் உள்ளறையில் ஏதோ தரையோடு இழுபட்டது.

"உள்ள யாரு ஆத்தா?"

"யாரும் இல்லப்பா. நீ கத்தியப் பாரு."

அவள் நிலைப்படிக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே வரவே இல்லை.

கட்டைவிரல் நகத்தின் மேல் கத்தியின் விளிம்பை மெல்ல ஓட்டினான். வழுவழுவென்று போய், நடுவில் தட்டி நின்றது. விளிம்பு பெயர்ந்து ஒரு பல். சற்றுத் தள்ளி இன்னொன்று. கீழே விழுந்த கத்திக்கு முனைதான் உடையும். நடுவில் இப்படிப் பல் விழவேண்டுமானால் கெட்டியான எதன் மேலாவது அழுந்தியிருக்க வேண்டும். எலும்பு மாதிரி.

அவனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பழகிய கை சும்மா இருக்கவில்லை. அலகும் பிடியும் சேரும் ஆணியடியைத் தோள்துண்டால் துடைத்தான். நுரை வந்தது. நுரைக்குள் குட்டை குட்டையாக நரைமயிர். நுரை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னைக்கு யாரோ இதுல மழிச்சிருக்காக. எனக்கு வேணாம் ஆத்தா, நான் போறேன்."

மலையம்மாள் கதவின் மேல் கை வைத்தாள். "கோவிச்சுக்காதப்பா. தெனம் அவுகளாவே மழிச்சுக்கிறாக. கை நடுங்குது. கண்ட எடத்துல வெட்டிக்கிறாக. என்னால பாக்க முடியல. நீ தொழில்காரன். ஒரு தடவ நல்லா மழிச்சு விட்டுரு. போயிருவாக."

"யாரு?"

அவள் கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

சோணை கதவை அறைந்தான். கத்தினான். பிறகு, பின்னால் கேட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது.

ஈரப் பாதங்கள். மெதுவாக. நாற்காலி முனகியது. சொட்டுச் சொட்டாக எதுவோ தரையில் விழுந்தது. காத்திருந்து சலித்த மனிதர் செருமுவதுபோல ஒரு செருமல்.

திரும்பினான்.

முகம் முழுக்க நுரை. மூடிய கண்கள். மழிப்பதற்கு வாகாகத் தூக்கிய மோவாய். அதன் கீழே கழுத்தெல்லாம் வெட்டுகள், சின்னச் சின்ன வாய்களைப்போல. ரத்தம் மட்டும் இல்லை.

மறுபடியும் செருமல்.

கால் நடந்தது. அவன் நடக்கவில்லை. வலது கை கத்தியை விரித்தது. இடது கை கன்னத்தில் பதிந்து, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், தோலை இழுத்துப் பிடித்தது.

தோல் கையோடு வந்தது.