ஜீப்புக்கு ஒரு ஜன்னல்

“அத்தா! குரங்கு!” என்று சாதியா கத்தி முடிப்பதற்குள் ‘டர்ர்’ரென்று சத்தம் கேட்டது.

கம்பம்மெட்டு மலைப்பாதையில், எஞ்சின் சூடு ஆறட்டும் என்று அவளுடைய அப்பா இத்ரீஸ் ஜீப்பை நிறுத்தி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துணிக்கூரை போட்ட பழைய ஜீப் அது. கூரையின் பின்பக்கம், ஜன்னலாக ஒரு பிளாஸ்டிக் தாளைத் தைத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பெரிய குரங்கு ஒன்று தாவி அதைக் கிழித்து, கையை உள்ளே விட்டு, வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது.

பின்சீட்டில் இருந்த யுவராணி, தன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். பிறந்து எட்டே நாளான பெண் குழந்தை. கம்பத்து ஆஸ்பத்திரியிலிருந்து, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறது.

“பழம் போனாப் போகுது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று பதறினார் யுவராணியின் கணவர் சுரேஷ்கண்ணன்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிழிசல் வழியாகக் குளிர்காற்று குழந்தையின் முகத்தில் அடித்தது. அது வீறிட்டு அழுதது.

“திரும்பிப் போயிரலாமாண்ணே?” என்று கேட்டாள் யுவராணி.

“இங்கன ஜீப்பைத் திருப்ப எடம் ஏதும்மா?” என்றார் இத்ரீஸ்.

அவர் ஒரு சாக்கை எடுத்து ஓட்டையில் தொங்கவிட்டார். காற்று நின்றது. ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

“பின்னால ஒண்ணுமே தெரியலை. வளைவுல பஸ் வந்தா ரிவர்ஸ் எடுக்கணும். பள்ளம் எங்க இருக்குன்னு தெரியாம எப்படி எடுக்க?”

காற்றையும் தடுக்க வேண்டும், பார்வையையும் மறைக்கக் கூடாது. அப்படி ஒன்று சாதியாவின் பையிலேயே இருந்தது. நேற்று வாங்கிய ரெயின்கோட். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும். ‘மழை வரணும், இதைப் போடணும்’ என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள். மழையும் வரப்போகிறது!

அவள் குழந்தையைப் பார்த்தாள். ரெயின்கோட்டைப் பார்த்தாள். பிறகு அதை அத்தாவிடம் நீட்டினாள்.

“இதோட முதுகு முழுசா ஒரே தாளா இருக்கு அத்தா. வெட்டுங்க.”

“புதுசாச்சே தாயி!”

“என் மனசு மாறுறதுக்குள்ள வெட்டுங்க!”

ஏலக்காய் மூட்டை தைக்கும் கோணி ஊசியும் நைலான் நூலும் ஜீப்பில் எப்போதும் இருக்கும். இத்ரீஸ் ரெயின்கோட்டின் முதுகை வெட்டி எடுத்துக்கொண்டு வெளியே நின்றார். சாதியா உள்ளே மண்டியிட்டாள். சுரேஷ்கண்ணன் குடையோடு வளைவில் போய் நின்று, வரும் வண்டிகளுக்குக் கை காட்டினார்.

இத்ரீஸ் ஊசியைக் கூரைத் துணியில் குத்தப் போனார்.

“புதுசா ஓட்டை போடாதீங்க அத்தா! துணி இத்துப்போயிருக்கு, கிழிஞ்சிரும். பழைய தையல் ஓட்டை வரிசையா இருக்குல்ல? அதுலயே விடுங்க.”

அவர் உள்ளே தள்ளுவார், அவள் இழுப்பாள். அவள் வெளியே தள்ளுவாள், அவர் இழுப்பார். மேல் ஓரம் முடிந்தது. இரண்டு பக்கமும் முடிந்தன. பொட்டு பொட்டென்று பெரிய துளிகள் விழுந்தன.

“சட்டுன்னு முடி சாதியா!”

“நில்லுங்க! கீழ் ஓரத்தை வெளிய இழுத்துத் துணிக்கு மேல விடுங்க. ஓடு வேய்ஞ்ச மாதிரி. இல்லைன்னா வழியுற தண்ணி பூரா உள்ள வந்துரும்.”

அவசரத்தில் ஊசி அவள் விரலில் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மறுபடியும் ஊசியைப் பிடித்தாள். கடைசி முடிச்சைப் போட்டதும் மழை கொட்டியது.

சுரேஷ்கண்ணன் குடையை மடக்கிக்கொண்டு ஏறியதும் ஜீப் நகர்ந்தது. புது ஜன்னல் படபடத்தது, பிய்யவில்லை. அழுதழுது களைத்த குழந்தை தூங்கிப்போனது.

மூன்று வளைவு தாண்டியதும் மேலிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் நேராக வந்து நின்றன. பஸ்ஸால் பின்னால் போக முடியாது. ஜீப்தான் போக வேண்டும்.

“ஜன்னல்ல ஆவி படிஞ்சிருச்சே” என்றார் இத்ரீஸ்.

சாதியா தன் துப்பட்டாவால் ஜன்னலைத் துடைத்தாள். பாதையோரத்து வெள்ளைக் கல் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் பனி.

“கல்லு தெரியுது அத்தா. வாங்க… மெதுவா… இன்னும் ஒரு முழம்… போதும், போதும்!”

பஸ் உரசுகிற மாதிரி கடந்து போனது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

தோட்டத்து வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது, யுவராணி குழந்தையின் துணியைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை.

“நான் இறங்குற வரைக்கும் பிள்ளையைப் பிடி தாயி” என்று சாதியாவின் மடியில் வைத்தாள்.

குழந்தை கண் திறந்து, சாதியாவை உற்றுப் பார்த்தது. சாதியா பெருமையாகச் சிரித்தாள். மறுநொடி, “ஐயோ, அக்கா!” என்று கத்தினாள்.

அத்தனை பெரிய மழையில் ஜீப்புக்குள் நனைந்தது அவள் ஒருத்திதான். அதுவும் மழையில் இல்லை!