எந்தப் பின்னும் சேராத போன்

“அப்படி அழுத்தாதீங்க... ஒடஞ்சிடப் போவுது!”

பின்னாலிருந்து வந்த குரலில் சிரிப்பு இருந்தது. அலர்மேல்மங்கைக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாகபூஷணத்தின் செல்போன் சாமான் கடை. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் சார்ஜர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின... சின்ன பின், பெரிய பின், உருண்டை பின், தட்டை பின். அவள் கையிலிருந்த போனுக்கு மட்டும் எதுவும் சேரவில்லை. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா, குவைத்துக்குப் போன புதிதில் அனுப்பிய போன் அது. கூடவே வந்த சார்ஜர் நேற்று புகைந்துபோனது. காலையிலிருந்து இது நாலாவது கடை.

“என் போனு, நான் அழுத்தறேன். உங்களுக்கு இன்னா?”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. போனு பாவம்னு சொன்னேன்.”

சுள்ளென்று திரும்பினாள். ஈரத்தலை, முழங்கை வரை மடித்த சட்டை, பாக்கெட்டில் ஒரு டெஸ்டர். உதடு பிரியும் முன்பே சிரித்துவிடுகிற கண்கள்... நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“ஐயோ... இன்னாங்க ஆச்சு?”

“பதினோரு மணிக்கு எங்க நைனா பேசுவாரு. மணி இப்ப பத்தே முக்கால்...”

விக்கலுக்கு நடுவே சொல்லி முடித்தாள். டிரைவர் வேலை என்று அழைத்துப்போய், கொஞ்ச நாளில் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். நாற்பது நாளாகப் பேச்சே இல்லை. நேற்று யாரோ ஒரு லாரிக்காரர் மூலமாகச் செய்தி வந்தது. இன்று பதினோரு மணிக்கு அந்த லாரி ஆட்டுப் பட்டிக்குத் தண்ணீர் கொண்டு வரும். அவர் போனில்தான் நைனா பேச முடியும். இருக்கிற இடத்தின் பெயர் தெரிந்தால் தூதரகத்தில் எழுதிக் கொடுத்து மீட்கலாம். நகரியில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடி காத்திருக்கிறாள். வீட்டுக்கே இந்த ஒரு போன்தான்.

“அண்ணா, உங்க போன்ல என் சிம்மைப் போட்டுக் குடுங்களேன்...” நாகபூஷணத்திடம் கெஞ்சினாள்.

“நா போன்ல சிம்மே லேது தல்லி... சிம்மே இல்லாத தினுசும்மா இது, நம்பர் உள்ளாறயே இருக்கும்.” அவர் கையை விரித்தார். “ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு தினுசா செஞ்சி வெச்சிக்கிறான். நான் இன்னா பண்ணட்டும்?”

அந்த இளைஞன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நொடி... ஒரே ஒரு நொடி தயங்கினான். பிறகு தன் போனின் பின்மூடியைக் கழற்றி, சிம்மை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

“உங்க சிம்மைக் குடுங்க.”

“உங்களுக்கு யாராவது போன் பண்ணா?”

“எனக்கு யாருங்க பண்ணப் போறாங்க? குடுங்க, சீக்கிரம்.”

பதினொன்றாகி ஏழு நிமிடம். போன் அலறியது.

“நைனா!”

நாலே நிமிடம்தான். அழுவதற்குக்கூட நேரமில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்ன ஊர்ப் பெயரை அவள் திருப்பிச் சொல்ல, அவன் சார்ஜர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். முதலாளி பெயர், பக்கத்தில் இருக்கும் ரோட்டின் நம்பர்... லைன் போய்விட்டது. அட்டையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தெரியாத ஒருவன் எதிரில் நிற்கிறானே என்றுகூட நினைக்காமல் விம்மி விம்மி அழுதாள். அவன் மழையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டான். அந்தத் திரும்பலில் இருந்த மரியாதை... அவள் கண்ணீருக்கு நடுவிலும் அதைக் கவனித்தாள்.

“உங்க பேரு?”

“முனிகிருஷ்ணன். சித்தூரு. மாங்கூழ் பேக்டரியில எலக்ட்ரீசியன்.”

“நன்றிங்க...”

“முதல்ல போயி மனு எழுதுங்க. அப்புறமா நன்றி சொல்லலாம்.”

அவள் சிம்மைத் திருப்பித் தந்து, தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க மழையில் ஓடினான்.

அடுத்த சனிக்கிழமை, திருப்பதியில் தான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரிலிருந்து, சொல்லி வைத்த சார்ஜரை வாங்கக் கடைப் பக்கம் போனபோதுதான் நாகபூஷணம் சொன்னார்.

“அந்தப் பையனுக்கு அன்னிக்கி பதினோரு மணிக்கு சிங்கப்பூரு கம்பெனிலேர்ந்து இன்டர்வியூ போனு தல்லி. சித்தூருல அவன் இருக்கற எடத்துல சிக்னல் சரியா வராதுன்னுதான் இங்க வந்து காத்துக்கினு இருந்தான். எடுக்கலன்னதும் அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்.”

அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தாள்.

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க சிம்மைக் குடுத்திருப்பீங்களா?”



அன்று தொடங்கியது பேச்சு. தூதரகத்தின் பதில், அதற்கு வேண்டிய காகிதம், கலெக்டர் ஆபீஸ் கையெழுத்து... சித்தூரில் அலைந்ததெல்லாம் அவன்தான். சனிக்கிழமைகளில் அவளிடம் காகிதம் வாங்கத் திருப்பதிக்கு வருவான். வேலை முடிந்து அவளும் வருவாள். இட்லிக் கடையில் எதிரெதிரே உட்காருவார்கள்.

“உங்க பேரை முழுசா கூப்பிடறதுக்குள்ள பஸ்ஸு போயிடும் போல...”

“அப்ப கூப்பிடாதீங்க.”

“கூப்பிடாம எப்படிங்க இருக்கறது?”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் சட்னியைப் பார்த்தபடி சிவந்துபோனாள்.

கார்த்திகை முடியும் முன்பே நைனா அண்ணாதுரை வந்து இறங்கினார். பாதி உடம்பாக இளைத்திருந்தார். வாசலில் அவரைக் கட்டிக்கொண்டு அழுத மகள், முதலில் சொன்ன பெயர் முனிகிருஷ்ணன்.

நைனா கேட்டுக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, உடம்பு தேறியதும் மகளிடம்கூடச் சொல்லாமல் வெற்றிலை பாக்கோடு சித்தூருக்குப் போனார். திரும்பியபோது முகம் வாடியிருந்தது.

“அந்தத் தம்பி ஒத்துக்கலம்மா. ‘உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நான் பண்ண உதவிக்குப் பதிலா அவங்களைக் குடுக்காதீங்க’ன்னு சொல்லிட்டாரு.”

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல், நைனாமேல், தன்மேல்... எல்லோர்மேலும். இரவெல்லாம் புரண்டவள் காலையில் முதல் பஸ் ஏறினாள்.

காணிப்பாக்கம் கோயிலுக்குப் பக்கத்தில் புது லாட்ஜ் ஒன்றில், மாம்பழ சீசன் இல்லாத மாதத்து வெளி வேலையாக, அவன் வயரிங் செய்துகொண்டிருந்தான். மார்கழியில் வேளை கெட்ட மழை. நனைந்தபடி வந்து நின்றவளைப் பார்த்ததும் ஏணியிலிருந்து பாதியில் இறங்கினான்.

“மங்கை...!”

“இறங்குங்க கீழ. அண்ணாந்து சண்டை போட முடியல.”

இறங்கினான்.

“எங்க நைனா கிட்ட இன்னா சொன்னீங்க?”

“நெசத்தைத்தான் சொன்னேன்.” அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “நான் ஒரு சிம்மைக் கழட்டினேன். அவ்ளோதான். அதுக்காக ஒரு பொண்ணு ஆயுசு பூரா தலையைக் குனிஞ்சிக்கினு, நன்றி நன்றின்னு என் கூட இருக்கணுமா? வேணாங்க... எனக்கு அது தாங்காது.”

“எங்க நைனா என்னிக்கி வந்தாரு?”

“கார்த்திகை... இருபத்தஞ்சி.”

“தேதியெல்லாம் ஞாபகம் இருக்குதே! அன்னியோட காகித வேலை முடிஞ்சிதா இல்லயா?”

“முடிஞ்சிது.”

“அதுக்கு அப்புறம் நாலு சனிக்கிழமை நான் திருப்பதியில அந்த இட்லிக் கடைக்கி ஏன் வந்தேன்? நீங்க ஏன் வந்தீங்க? எந்தக் காகிதம் வாங்க?”

அவன் கையிலிருந்த வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

“நன்றி இருக்குதுங்க...” அவள் குரல் இறங்கியது. “சாகற வரைக்கும் இருக்கும். எங்க அம்மா முகத்துல சிரிப்பைப் பாக்கறப்ப எல்லாம் இருக்கும். ஆனா நன்றியினால யாராவது, போன் வைக்கறப்போ அழுவாங்களா? நீங்க தும்மினா மருந்து துன்னீங்களான்னு பத்து வாட்டி கேப்பாங்களா? நன்றி வேற... இது வேற. எனக்கு ரெண்டும் தெரியும்.”

மழை சட்டென்று ஓய்ந்தது. கோயில் மணி ஒருமுறை ஒலித்து அடங்கியது.

அவன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். இப்போது நேராக அவள் கண்ணைப் பார்த்தான். ஈர இமைகளில் மழைத்துளி எது, கண்ணீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

“சிங்கப்பூருக்குப் போயிருந்தா இந்நேரம் எங்கியோ கப்பல் பட்டறையில இருந்திருப்பேன்...” மெதுவாகச் சொன்னான். “போகாம போனதுக்கு எல்லாரும் ஐயோ பாவம்னு சொன்னாங்க. நான் மட்டும் தெனம் சாமிக்கி தேங்க்ஸ் சொல்லிக்கினு இருந்தேன். ஏன்னு யார் கிட்ட சொல்றது? உங்க கிட்ட சொன்னா, பரிதாபப்பட்டு சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்...”

“இப்ப?”

“இப்ப பயம் இல்ல.” அவன் ஒரு அடி முன்னால் வந்தான். “எனக்கு உன்ன புடிச்சிருக்குது மங்கை. ரொம்ப... ரொம்ப புடிச்சிருக்குது.”

முதல் ‘உன்ன’. அவள் முகத்தை மறைக்க முந்தானையைத் தேடினாள். நனைந்த முந்தானை கைக்கு அகப்படவில்லை. மறைக்காமலே சிரித்துவிட்டாள்.

“வேலையை முடிச்சிட்டு நாளைக்கி வந்து உங்க நைனா கிட்ட பேசறேன்” என்றான்.

“நாளைக்கா?” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நேத்து ராத்திரி எங்க வீட்ல யாரும் சோறு துன்னல. சட்டையை மாத்திக்கினு கெளம்புங்க. நகரி பஸ்ஸு பத்து மணிக்கி!”