காலி லாரியின் எடை

“பின்கதவு மறுபடி சிக்குதுக்கா. மேல ஏறி நாலு உதை விட்டாத்தான் வழிக்கு வருது, நம்ம மாமா மாதிரி” என்று சொல்லிவிட்டுத் தம்பி குப்பை லாரியை எடைமேடையிலிருந்து இறக்கினான்.

“உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா” என்று அக்கா சிரித்தபடி எடையைக் குறித்துக்கொண்டாள்.

குப்பை மாநகராட்சியுடையது, அதை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை கம்பெனியுடையது. இரண்டுக்கும் நடுவிலிருந்த அறையில், மாநகராட்சிக்காக அவளும் கம்பெனிக்காகக் கண்ணாடிக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, லாரி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எடைபோட்டு, ஒரே சீட்டில் கையெழுத்திடுவார்கள். உச்சி வெயிலில் தகரக் கூரை முறுகும் ஓசையும், குப்பையை அள்ளி உலையில் போடக் குழிக்குள் கிரேன் இறங்கி ஏறும் முனகலும், அழுகிய பழத்தோடு ஈரத்துணி கருகுவது போன்ற வாடையும் ஒன்றாய்க் குழைந்து அவள் கண்ணைச் சொக்க வைத்தன.

லாரி திரும்பி வந்து மேடையில் நின்றது. எஞ்சின் சத்தம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

திரையில் எட்டாயிரத்து நூற்று எழுபது.

திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மூன்று வருடமாக அந்தக் காலி லாரி, ஓட்டும் தம்பியையும் சேர்த்து, எட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. எழுபது குறைகிறது. ஓர் ஆள் கனம்.

நிமிர்ந்தாள். தம்பி இருக்கையில்தான் இருந்தான். நேராகப் பார்த்துக்கொண்டு. சட்டையில் பொட்டு அழுக்கில்லை.

“டேய்.”

திரும்பவில்லை. பின்கதவு திறந்து தொங்கியது. அதன் விளிம்பில் அவனுடைய ஒற்றைச் செருப்பு.

“சார், கிரேனை நிறுத்தச் சொல்லுங்க. தம்பி குழிக்குள்ள விழுந்துட்டான்.”

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். “அதோ உக்காந்திருக்கானேம்மா.”

“அது அவன் இல்ல. எடையப் பாருங்க.”

“மேடையில கோளாறா இருக்கும். கிரேன நிறுத்தினா உலையும் நிக்கும், அதுக்கு ரெண்டு தரப்பு அதிகாரியும் எழுதிக் குடுக்கணும். ஆள் கண்ணு முன்னால இருக்கும்போது யாரைக் காணோம்னு எழுதுவீங்க?”

தன் அதிகாரிக்குப் போன் செய்தாள். “குழி கம்பெனி எல்லைம்மா. நாம தலையிட முடியாது” என்றார் அவர்.

ஓடினாள். குழியின் இரும்புக் கதவு மாநகராட்சி அட்டைக்குத் திறக்கவில்லை. காதை வைத்தாள். வெகு ஆழத்தில் ஒரு குரல்.

“அக்கா.”

கிரேன் இறங்கியது. குரல் நின்றது. கிரேன் ஏறியது.

கதவை அடித்தாள். கை கிழிய அடித்தாள். உலையின் இரைச்சல் ஒரு கணம் தாழ்ந்து, மறுபடி எழுந்தது.

திரும்பினாள். லாரியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, சீட்டுக்காக. கண்ணாடிக்காரர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை அவள் பக்கம் வைத்திருந்தார்.

அவள் தொடவில்லை. புகைபோக்கியிலிருந்து சாம்பல் இறங்கி அந்தக் கையின்மேல் மெல்லப் படிந்தது. விரல்கள், பிறகு மணிக்கட்டு.

கை அசையவில்லை.